எந்தத் தெரு?

போன வருஷம் ஆனி மாதம் தென்காசியில் ஒரு வீடு வாங்கினேன். கீழே நாங்கள் இருக்க இரண்டு படுக்கையறை, மேலே ஒரு போர்ஷன், வெளியே தனிப் படிக்கட்டு. அதற்கு முன் இரண்டு வீடுகள் கைநழுவிப் போயிருந்தன. ஒன்றை, நான் லோனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது முழுப் பணத்தோடு வந்தவர் முடித்துவிட்டார். இன்னொன்றுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று காலையில் விலை இரண்டு லட்சம் ஏறியிருந்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானது, மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது, வீட்டிலிருந்தே வேலை என்று ஐடி பையன்கள் ஊர் திரும்புகிறார்கள் என்று புரோக்கர் காரணங்களை அடுக்குவார். அந்தக் காரணங்களில் நானும் ஒருவன் என்பதால் கோபப்பட முடியவில்லை.

மாடியோடு சேர்ந்த வீடுதான் வேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட். 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். மாதம் 26,035 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத் தவணையில் 21,250 வட்டிக்கே போய்விடும். மேலே குடிவருபவர் 9,000 கொடுத்தால் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அமெரிக்காவில் இதற்கு ‘ஹவுஸ் ஹேக்கிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு போர்ஷன் வரை உள்ள கட்டடத்தை, ஒன்றில் நாமே குடியிருப்போம் என்று சொல்லி, அரசு காப்பீடு தரும் கடனில் 3.5 சதவீத முன்பணத்தோடு வாங்கலாம். மற்ற மூன்றின் வாடகை கடனைக் கட்டும். நம் ஊர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் பெயரே வைக்காமல் காலங்காலமாகச் செய்துவருவதுதான்.

வீடு முடிந்து பத்து நாளில் ‘டு லெட்’ பலகை மாட்டினேன். முதலில் வந்தது ஓர் இளம் தம்பதி. அவர் தனியார் பேங்கில் வேலை, அந்தப் பெண் நர்ஸ். தண்ணீர் எப்போது வரும், பைக் எங்கே விடலாம் என்று கேட்டார்கள். நாங்களும் கேட்டோம். சொந்த ஊர் எது என்று கேட்டேன். வீரகேரளம்புதூர்ப் பக்கம் என்றார். எனக்கும் அதுதான் ஊர். வீ.கே.புதூரா என்று சந்தோஷமாக எழுந்துவிட்டேன். அடுத்த கேள்வி யோசிக்காமலே வாயில் வந்தது.

“எந்தத் தெரு?”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தெருவைச் சொன்னார். அந்த ஒரு நொடியை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை, அது அநாகரிகம். ஊரைக் கேட்போம், பிறகு தெருவைக் கேட்போம். புரோகிராமில் ஒரு மதிப்பை நேரடியாக எடுக்க அனுமதி இல்லையென்றால், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு மதிப்பை எடுத்துக் கண்டுபிடிப்போமே, அதே வேலைதான். ஊத்துமலை ஜமீன் அரண்மனை இருந்த எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்குத் தெருவின் பெயர் போதும்.

அவர்கள் போனதும் அம்மா உள்ளே கூப்பிட்டாள். “ஏய்யா, நல்ல பிள்ளையளாத்தான் இருக்காவ. ஆனா நாளைக்கு நம்ம ஆளுக வீட்டுக்கு வந்தா என்ன சொல்லுவாவ? தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பாக்கோம்லா.”

மறுநாள் அவர் போன் செய்தார். ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். அப்படி யாரும் இல்லை. “பரவால்ல சார்” என்றார். அந்தக் குரலில் ஆச்சரியமே இல்லை.

சென்னையில் நான் பேச்சிலராக வீடு தேடியபோது இதே பொய்யை நான்கைந்து முறை கேட்டிருக்கிறேன். அப்போது வீட்டுக்காரர்களைத் திட்டி நண்பர்களுக்கு நீளநீளமாக மெசேஜ் அனுப்பியவன் நான்.

என் வீடு, என் படிக்கட்டு, யாரோடு வாழ்வது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சட்டங்களே இதன்முன் தயங்கியிருக்கின்றன. 1968-ல் அமெரிக்கா வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டபோது, உரிமையாளரும் குடியிருக்கும், நான்கு போர்ஷனுக்கு மிகாத வீடுகளுக்குப் பெருமளவு விலக்கு அளித்தது. ‘மிஸஸ் மர்ஃபி விலக்கு’ என்பார்கள். வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு கற்பனைக் கிழவியின் பெயர் அது. ஆனால் அந்தக் கிழவிகூட, இன்னாருக்குத்தான் வீடு என்று விளம்பரம் கொடுக்க முடியாது. மனதில் வைத்துக்கொள்ளலாம், பலகையில் எழுதக் கூடாது. நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், அட்வான்ஸ், காலி செய்வது பற்றியெல்லாம் பேசுகிறது. அதெல்லாம் குடிவந்த பிறகான கதை. வாசலில் நடப்பது எங்கள் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

என் மனசாட்சி செய்த தில்லுமுல்லு எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வரிக் கணக்கில் அந்த மாடி வாடகை வருமானம், பராமரிப்புக்கென்று 30 சதவீதம் கழிவும் உண்டு. என் எக்செல் ஷீட்டில் அது மாதம் 9,000 ரூபாய். அதாவது பணம் வரும் இடங்களிலெல்லாம் அந்த மாடி ஒரு தொழில். ஓர் ஆள் வந்து நின்றதும் அதே மாடி திடீரென்று என் குடும்பம், என் அந்தரங்கம் ஆகிவிட்டது. ஒன்று அது தொழில், அல்லது அது வீடு. அந்தரங்கம்தான் பெரிது என்றால் முழுத் தவணையையும் நானே கட்டி, மாடியைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். இன்னொருவர் சம்பளத்தால் என் கடனை அடைக்கத் திட்டமிட்டவனுக்கு அந்த இன்னொருவரின் தெருவைக் கேட்கும் தகுதி கிடையாது.

சேர்ந்து வாழ்வதில் நியாயமான கவலைகளே இல்லையா? இருக்கின்றன. நள்ளிரவுச் சத்தம், தண்ணீர் மோட்டார், வாடகை தள்ளிப்போவது. இவை ஒருவர் நடந்துகொள்வதைப் பற்றியவை. ஒப்பந்தத்தில் எழுதலாம், பேசித் தீர்க்கலாம். தெருப்பெயர் இவற்றில் எதையும் சொல்லாது. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வீட்டு அறையை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. மதுரைக்காரர், கேரளக்காரர், யார் வந்தாலும் ஆதார் நகலும் முன்பணமும் போதும். நம் பாயில் படுத்து, நம் குளியலறையில் குளித்துவிட்டுப் போவார்கள். யாரும் தெரு கேட்பதில்லை, ஏனென்றால் ஞாயிறு மாலை அவர்கள் போய்விடுவார்கள். அப்படியானால் நமக்குப் பிரச்சினை சுத்தமோ பயமோ இல்லை. நம் தலைக்கு மேலே, நமக்குச் சமமாக, ஒருவர் தங்கிவிடுவதுதான்.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1957-ல் எழுதிய புத்தகத்தில் பாகுபாடு காட்டுகிறவரும் அதற்கு ஒரு விலை கொடுக்கிறார் என்று வாதிட்டார். எனக்கு விலை எதுவும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறே வேறொரு குடும்பம் வந்து அதே 9,000-க்குச் சம்மதித்தது. வீட்டுக்கு ஆள் வரிசையில் நிற்கும் ஊரில் பாகுபாடு இலவசம். நிரூபிக்கவும் முடியாது. வீடு வாங்கும்போது இந்தப் போட்டியைச் சபித்தவன், வாடகைக்கு விடும்போது அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மாவின் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். சொந்தக்காரர்கள் பேசுவார்கள், தங்கை கல்யாணப் பேச்சில் ஒரு முகம் சுளிக்கும். அது உண்மையான செலவு. ஆனால் அது எங்கள் ஆட்களின் குணத்தால் வரும் செலவு, எங்கள் கணக்கில்தான் எழுதியிருக்க வேண்டும். நான் அதை மனைவியோடு வெயிலில் வீடு தேடி நடந்த ஒருவர் கணக்கில் எழுதினேன். அவர் அதை முன்பும் பலமுறை கட்டியிருப்பார். அதனால்தான் குரலில் ஆச்சரியம் இல்லை.

இப்போது இருக்கும் குடும்பம் அடுத்த மாதம் மாற்றலாகிப் போகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: முதலில் வந்து வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் சம்மதிப்பவருக்குத்தான் வீடு, ஊரைக்கூடக் கேட்கப்போவதில்லை. “என்னமும் செய்யி” என்றாள். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அவருடைய எண் இன்னும் போனில் இருக்கிறது. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? அந்த வாக்குக் கொடுத்தவர் வரவில்லை என்று இன்னொரு பொய் சொல்லலாம். உண்மையைச் சொன்னால், என்னை மன்னிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டுகிறேன் என்றாகும். அழைக்கவில்லை. பலகையை மட்டும் துடைத்து வைத்திருக்கிறேன்.