மூடியில் பொறித்த எண்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏப்ரல் கடைசி வாக்கில் பனி கரைந்து புல் தலைதூக்கும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரங்கள் வெளியே வரும். கயிற்றை இழுப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் உறுமிக் கிளம்பிவிட்டால் கவலையில்லை. பத்து முறை இழுத்தும் சத்தமே இல்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். சில எஞ்சின்களில் அதற்குள்ளே டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. அது காய்ந்து விறைத்துவிட்டால் மொத்த இயந்திரமும் காயலான் கடை இரும்புதான்.

விஸ்கான்சினைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டெக்கும்சே எஞ்சின்களின் பழைய ஊர்களில் ஒன்றான நியூ ஹோல்ஸ்டைன் அங்கேதான் உள்ளது. பல பெயர்களில் விற்பனையான புல்வெட்டிகளுக்குள்ளும் பனி அள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் பல பத்தாண்டுகள் ஓடியது டெக்கும்சே எஞ்சின். 2007இல் அந்த எஞ்சின் தொழில் கைமாறியது. 2008 டிசம்பரில் உற்பத்தியே நின்றது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் அதற்காக நிற்கவில்லை. தங்களைச் செய்தவர்கள் கடையை மூடியது தெரியாமலே அவை புல்லை வெட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் சில நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பாக எண்ணை எழுதிக்கொண்டு கடை கடையாகப் போனார்கள். சில பாகங்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றே: இனி வராது.

இந்தப் பதிலுக்குப் பின்னால் மிகப் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போனால், கடைசியில் இருப்பது அதே பொருள்தானா?

கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். வீரன் தீசியஸ் கிரீட் தீவிலிருந்து திரும்பிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதினார். பலகை மக்கினால் எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடிப்பார்கள். அது அதே கப்பல்தான் என்று ஒரு கட்சி, இல்லை என்று மறு கட்சி. 1655இல் ஆங்கிலேயர் தாமஸ் ஹாப்ஸ் இந்த வழக்கில் ஒரு சாட்சியைக் கூட்டினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் எடுத்துவைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஆனால் இந்த வழக்கில் ஒன்றை யாரும் கேட்கவேயில்லை. ஏதென்ஸில் பலகைக்குப் பஞ்சம் வந்திருந்தால்? மாற்றுவதற்குப் புதுப்பொருள் எப்போதும் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் வாதம் முழுவதும் நடக்கிறது. பாகமே கிடைக்காதபோது கேள்வியின் முகம் மாறிவிடுகிறது. அதே பொருள்தானா என்பதோடு, இது பிழைக்க எதைக் கழற்றலாம், எங்கிருந்து கழற்றலாம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அப்போது மெய்ப்பொருள் விசாரணை அற விசாரணையாகிவிடுகிறது.

இயந்திரத்தில் எல்லாப் பாகமும் ஒரே மாதிரி அரிதாவதில்லை. சக்கர பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் பொது அளவு உண்டு. 6203 என்ற எண்ணுள்ள பேரிங் என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. யார் செய்தாலும் பொருந்தும். கேஸ்கட்டைத் தாளிலிருந்தே வெட்டிவிடலாம்: உலோக விளிம்பின்மேல் தாளை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் விளிம்பே தாளை அறுத்துக்கொடுக்கும். அந்த ஒரு எஞ்சினுக்கென்றே வார்த்த பாகங்கள்தான் கழுத்தறுக்கும். பற்றவைக்கும் காயில், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போன்றவை. அச்சு இருந்த ஆலையோடு அவையும் போய்விடுகின்றன.

கடைக்காரரின் பட்டியலில் இன்னொரு வேடிக்கையான நடைமுறை உண்டு. ஒரு பாக எண்ணைத் தேடினால், அந்த எண் இப்போது இல்லை, அதற்குப் பதில் இந்த எண் என்று வரும். அந்த எண்ணைத் தேடினால் அதற்கும் பதில் எண். மூன்று நான்கு தலைமுறை தாண்டிக் கையில் வரும் பாகத்தில் உலோகம் வேறு, துளை சற்றுத் தள்ளியிருக்கும், நிறமும் வேறு. ஆனாலும் முதல் எண்ணின் வாரிசு அதுதான். மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க மன்னன் மெனாண்டரும் நாகசேனர் என்ற துறவியும் இப்படி ஒரு தொடர்ச்சியைப் பற்றித்தான் பேசினார்கள். இன்றைய சியால்கோட்டாகக் கருதப்படும் சாகல நகரில் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் அது. மன்னன் வந்த தேரை வைத்தே நாகசேனர் தொடங்குகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டு, தேர் என்பது இவை கூடியபோது நாம் வழங்கும் பெயர் என்று முடிக்கிறார். பிறகு விளக்கு வருகிறது. முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றுமல்ல, வேறுமல்ல என்பது பதில்.

ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியில் பிறந்த தாமஸ் அக்வினாஸ் கிட்டத்தட்ட இதே படத்தைக் கையில் எடுத்தார். விறகு எரிந்து தீர்கிறது, புது விறகு போடுகிறோம், ஆனால் நெருப்பு அதே நெருப்பு என்றார். அவருக்கு அது மறுமை நாளில் மனிதன் அதே உடலோடு எழுவான் என்பதற்குத் துணையாகும் எடுத்துக்காட்டு. ஒரே தீயைப் பார்த்து ஒருவர் நிலையான தான் என்று எதுவும் இல்லை என்றார். மற்றவர் அதே தான் திரும்பி வரும் என்றார். உவமை ஒன்றாக இருப்பதாலேயே உண்மை ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

நம் பக்கத்துத் தத்துவவாதிகளான நையாயிகர்களும் வைசேடிகர்களும் இன்னும் கறார். பாகங்களைத் தவிர முழுமை என்று தனியே ஒன்று உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதனாலேயே, ஒரு துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்தது, புதுத் துணி பிறந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சூளையில் வேகும் பச்சைப் பானை சிவந்து வரும்போது என்ன நடக்கிறது என்பதில் இவர்களுக்குள்ளேயே பிணக்கு. பானை அணுக்களாகப் பிரிந்து மறுபடி கூடுகிறது என்றார்கள் வைசேடிகர்கள். பானை பானையாகவே இருந்து நிறம் மாறுகிறது என்றார்கள் நையாயிகர்கள். பட்டறையில் நிற்பவருக்கு வைசேடிகரின் பதில் ஒத்துவராது. ஸ்பார்க் பிளக் மாற்றிய ஒவ்வொரு முறையும் தன் வீட்டில் புது இயந்திரம் பிறந்தது என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் எதையும் பழுது பார்த்ததாகவே சொல்ல முடியாது. பழுது பார்த்தல் என்ற சொல்லே அடியில் ஒன்று மாறாமல் இருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

அந்த ஒன்று எது என்று தேடும்போதுதான் இரண்டாவது கேள்வி குறுக்கே வருகிறது. ஆலை மூடிய எஞ்சினுக்குப் பாகம் கிடைக்கும் முக்கியமான வழி, அதே வகை இன்னொரு எஞ்சின். பழைய சாமான் விற்கும் வீட்டு வாசலிலிருந்தோ காயலான் குவியலிலிருந்தோ ஒன்றை வாங்கி வருவார்கள். அதன் கார்புரேட்டர் இதற்குப் போகும், காயில் இதற்குப் போகும். எஞ்சியது தார்ப்பாயின் கீழ் ஓட்டைகளோடு உட்கார்ந்திருக்கும். ஹாப்ஸின் இரண்டு கப்பல்கள் இங்கே ஒரே கொட்டகையில் நிற்கின்றன, ஒன்று ஓடுகிறது, ஒன்று குறைகிறது.

இந்தச் சிக்கலை மிகக் கூர்மையாகக் கேட்டவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய பெருநூலின் 22ஆம் புத்தகத்தில், உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள் எழுப்பும் தடைகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறார். அவற்றில் கொடுமையானது ஒன்று: பஞ்சத்தில் ஒருவன் இன்னொரு மனிதனின் சதையைத் தின்றுவிட்டான். அந்தச் சதை இவன் உடலாகிவிட்டது. இருவரும் எழும் நாளில் அது யாருடையது? அகஸ்டின் நழுவவில்லை. அது முதலில் யாருடைய உடலாக இருந்ததோ அவருக்கே திரும்பும் என்றார். தின்றவனிடம் இருந்தது கடன்.

இரும்புக்கு உயிர்த்தெழுதல் இல்லை; உவமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது. ஆனால் கடன் என்ற சொல் இங்கே கனமான சொல். நாகசேனரின் தேரிலும் புளூட்டார்க்கின் கப்பலிலும் பாகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இடமே இல்லை. அகஸ்டினிடம் அதுவே முதல் கேள்வி. ஒன்று பிழைத்தது என்றால் இன்னொன்று கொடுத்திருக்கிறது. கொடுத்ததன் கணக்கையும் சேர்த்துச் சொல்லாமல், பிழைத்ததன் அடையாளத்தை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

அரசாங்கங்களுக்கு இத்தனை யோசிக்க நேரமில்லை, மதிப்பெண் போட்டுவிடுகின்றன. பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை, பெரிதும் மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஒரு கணக்கு வகுத்தது. அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. பழையதிலிருந்து 8 புள்ளி தேறினால் அதே வண்டி என்றது அந்தக் கணக்கு. சாமானியர் இதயம் என்று நினைக்கும் எஞ்சின்தான் அங்கே எல்லாவற்றிலும் மலிவாக இருந்தது. புல்வெட்டிக்கு அப்படி ஒரு பட்டியலும் கிடையாது.

சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் காட்டும் உவமைதான் இந்தப் பட்டறைக்கு மிகவும் நெருக்கமானது. பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவனுக்கு இரண்டும் இல்லை. அழிவு, தோற்றம், நிலைபேறு மூன்றுமே மெய் என்பது அவர் வாதம். எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்னும் பௌத்தரின் கணபங்க வாதத்தை எதிர்த்துத் தமிழில் நீலகேசிக் காப்பியம் வழக்காடுவதும் இந்தச் சமணத் தரையில் நின்றுதான்.

ஒரு பழைய அட்கோ இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். பர்மிங்ஹாமில் 1921 முதல் வந்த புல்வெட்டி வகை அது. உருளையில் சுற்றிவரும் அதன் கத்தி அமைப்பு, ஸ்ட்ரவுட் ஊரின் எட்வின் பட்டிங் துணி ஆலையின் இயந்திரத்தைப் பார்த்து 1830இல் காப்புரிமை பெற்றதன் வழித்தோன்றல். அதில் மாற்றுக் கார்புரேட்டரைப் பூட்டினால், பழமையைச் சேகரிப்பவருக்கு ஒன்று செத்தது. மைதானம் பராமரிப்பவருக்கு ஒன்று பிழைத்தது. அப்பா தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்த மகளுக்கு, கைப்பிடி அதே கைப்பிடி. மூன்று பேரும் சரிதான்.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ராயல் என்ஃபீல்டின் தாய் ஊர் இங்கிலாந்தின் ரெடிச். 1955இல் சென்னையில் அதன் இந்தியக் கிளை பிறந்தது; திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் தயாராயின. தாய் நிறுவனம் மூடிக்கொண்டது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் அங்கே செய்த புல்லட்கள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. தன் ஊரில் தயாரிப்பு நின்றுபோன வண்டி வேறொரு கடற்கரையில் புதிதாக வந்துகொண்டிருப்பதை ஓர் ஆங்கிலேயர் பார்த்தால், அதை டூப்ளிகேட் என்பாரா, வாரிசு என்பாரா? வடிவம் காப்பாற்றப்பட்ட இடத்தில் யாருடைய உடலையும் கழற்ற வேண்டியதில்லை. ஆலை மூடும்போது வரைபடங்களையும் அச்சுகளையும் என்ன செய்வது என்பதை வெறும் கணக்கு வழக்காக விட்டுவிடுவது சரியல்ல என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான்.

நியூ ஹோல்ஸ்டைன் எஞ்சினுக்குத் திரும்பினால் அங்கே ஒரு கடைசி முடிச்சு காத்திருக்கிறது. டெக்கும்சேயின் மாதிரி எண்ணும் தயாரித்த தேதியின் எண்ணும் பல எஞ்சின்களில் விசிறியை மூடும் தகர மூடியில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பாகம் பொருந்தும் என்று கடைக்காரர் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஆனால் மொத்த எஞ்சினிலும் சுலபமாகக் கழன்றுவருவது அந்த மூடி. துருப்பிடித்தாலோ நசுங்கினாலோ, கொடுத்த எஞ்சினிலிருந்து எடுத்துப் பூட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து இந்த எஞ்சினுக்கு அதன் பெயர். அடுத்த வசந்தத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பொருந்தாத பாகம் வந்து சேரும். அதனால் விவரம் தெரிந்தவர் மூடியை மாற்றும் முன், பழைய எண்ணை ஓர் ஆணியால் எஞ்சினின் அடிப்பாகத்திலேயே கீறிவைக்கிறார். கொடுத்த எஞ்சினின் எண்ணையும் பக்கத்திலேயே கீறிவிடுகிறார்.