இருட்டில் இருக்கும் அயலார்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் பேரருவியின் அடியில் மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கிறது. முன்பின் அறியாத ஒருவரின் தலையிலிருந்து வழியும் எண்ணெய் நம் தோளில் இறங்குகிறது. பின்னால் நிற்பவர் தள்ள, முன்னால் நிற்பவரின் காலை நாம் மிதித்து விடுகிறோம். ஆனாலும் யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. "இங்கிட்டு வாங்க அண்ணாச்சி, தண்ணி நல்லா விழுது" என்று தம் இடத்தை விட்டுக் கொடுப்பவரும் உண்டு.

அதே மனிதர்கள் அன்று மாலை ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசிக்கு வந்து ஒரு சினிமாக் கொட்டகையில் உட்காரட்டும். நாற்காலிக் கைப்பிடியில் பக்கத்துக்காரரின் முழங்கை பட்டுவிட்டால் போதும், உள்ளே ஒரு யுத்தமே மூண்டு விடுகிறது. முன் வரிசைக்காரரின் தலை மறைக்கிறது. பின் வரிசைக்காரரின் கால் முதுகில் உதைக்கிறது. இன்னொருவர் முன்பே படம் பார்த்தவர், அடுத்து நடக்கப் போவதை மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிக் கொண்டிருக்கிறார். எங்கோ ஒரு செல்போன் மின்மினி போல் அல்ல, பெட்ரோமாக்ஸ் போல் எரிகிறது. காலையில் அருவியடியில் இருந்த பெருந்தன்மை மாலைக்குள் எங்கே போயிற்று?

"அருவி இலவசம், இங்கே காசு கொடுத்திருக்கிறேன்" என்று சுலபமாகப் பதில் சொல்லி விடலாம். ஆனால் அந்தக் காசுக்கு நாம் வாங்கியது என்ன? மூன்று மணி நேரத்துக்கு ஒரு நாற்காலி. திரையில் ஒரு படம். கொட்டகைக்காரர் விற்றது அவ்வளவுதான். அமைதியை அவர் விற்கவில்லை, விற்கவும் முடியாது. அது அவருடைய சரக்கே அல்ல. அது நம்மைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரும் நமக்குத் தருகிற கொடை. நாமும் அவர்களுக்குத் தர வேண்டிய கொடை.

கொட்டகைக்காரருக்கும் நமக்கும் உள்ள வழக்கை நீதிமன்றம் தீர்த்து வைக்கலாம். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டு வரக் கூடாது என்று தடுக்கத் திரையரங்கு உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. சரிதான். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் நமக்கும் உள்ள வழக்கை எந்த நீதிபதி தீர்ப்பார்? படம் தொடங்கும் முன் தேசிய கீதம் கட்டாயம், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று 2016 நவம்பரில் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. விளைவு என்ன? யார் எழுந்தார், யார் எழவில்லை என்று ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். சில இடங்களில் கைகலப்பும் நடந்தது. 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மரியாதையை உத்தரவு போட்டு வரவழைத்தால், அது சண்டையாகத்தான் வந்து சேருகிறது.

இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம்முடைய எரிச்சல் எல்லாமே நியாயமானதுதானா?

தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். அங்கே ஒருவருக்கு இடம் கொடுத்தது பிறப்பு அல்ல, டிக்கெட். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படக்கருவியோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கியபோது, நம் பெரிய கோயில்கள் பலவற்றின் கதவு ஹரிஜன மக்களுக்குச் சாத்தித்தான் கிடந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர்கள் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். கூடாரக் கொட்டகையின் மணல் தரை அதற்கெல்லாம் முந்திக் கொண்டு விட்டது. மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் ஒருவன் உட்காருவான்; பின்னால் இருப்பவன் "மறைக்குதுய்யா" என்று கத்துவான். அந்தக் கூச்சலில் சாதி இல்லை. மறைக்கும் தலை மட்டுமே இருந்தது. எவ்வளவு அருமையான சண்டை!

ஆகவே கொட்டகையில் நமக்கு வரும் கோபத்தைச் சல்லடையில் போட்டுச் சலித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "பக்கத்தில் இருப்பவர் இப்படிச் செய்கிறாரே" என்பது ஒரு கோபம். "இப்படிப்பட்டவர் பக்கத்தில் இருக்கிறாரே" என்பது வேறொரு கோபம். முன்னது நியாயம். பின்னது நியாயத்தின் வேஷ்டியைக் கட்டிக் கொண்டு வரும் பழைய அகம்பாவம். இருட்டில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும்.

தென்காசிச் சீமையில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். வாரம் முழுவதும் முறத்தின் மேல் குனிந்திருந்த ஒருத்தி, விட்டுவிட்டு வர ஆளில்லாமல் கைக்குழந்தையோடு படத்துக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். குழந்தை அழுகிறது. முந்நூறு பேரும் "உச்" கொட்டுகிறார்கள். அவள் எழுந்து கதவோரம் போய் நின்று, தோளில் தட்டித் தூங்க வைத்து விட்டுத் திரும்பி வருகிறாள். அதற்குள் கதையின் முக்கியமான கட்டம் போய்விட்டது. மற்றவர்களுக்காக அவள் இழந்ததை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இரண்டு வரிசை தள்ளி, செல்போனில் ஒருவர் விடாமல் செய்தி பார்த்துக் கொண்டிருக்கிறார். அவர் சத்தமே போடவில்லை. ஆனாலும் சத்தம் போட்ட குழந்தையின் தாய் கொடுத்தவள். சத்தம் போடாத அந்த மனிதர் எடுத்துக் கொண்டவர்.

அதே போல், "அவன் யாருல, நல்லவனா கெட்டவனா?" என்று பேரனிடம் உரக்கக் கேட்கும் ஆச்சியின் மீதும் எனக்குக் கோபம் வருவதில்லை. அவள் கதைக்குள் இருக்கிறாள். கதைக்குள்ளிருந்து வரும் சத்தம் வேறு, கதையை அவமதித்து வரும் சத்தம் வேறு. ஒன்று சபையைச் சேர்க்கிறது, மற்றது கலைக்கிறது.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் ஏன் வந்தார்கள்? கம்பனின் பாட்டு அவரவர் வீட்டுப் புத்தகத்திலேயே இருந்ததே! நாலு பேரோடு உட்கார்ந்து அனுபவிக்கும்போது பாட்டு இன்னொரு மடங்கு வளருகிறது என்பதனால்தான். இன்று வீட்டுக் கட்டிலில் படுத்தபடி உள்ளங்கையில் படம் பார்க்கலாம். முழங்கைத் தொல்லை கிடையாது. ஆனால் அங்கே நாம் தனியாகச் சிரித்த சிரிப்பு, முந்நூறு பேரோடு சிரித்த சிரிப்புக்கு ஈடாகுமா? பக்கத்து நாற்காலிக்காரர் நம் இன்பத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறோம். அந்த இன்பத்தில் பாதி அவர் கொண்டு வந்தது.

இதனால் எல்லாவற்றையும் சகித்துக் கொள்ள வேண்டும் என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. அருவியின் இரைச்சலில் ஒருவன் கத்தினால் யாருடைய பங்குத் தண்ணீரும் குறைந்து விடாது. அதனால் அங்கே பொறுமை சுலபம். கொட்டகையில் ஒரே ஒரு சிறு வெளிச்சம் முந்நூறு பேருடைய பங்கையும் குறைத்து விடும். அதனால் இங்கே கடமை பெரிது. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அருவியடியில் கேட்பது போல, "அண்ணாச்சி, அந்த வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று ஒருமுறை, தாழ்ந்த குரலில் கேட்கலாம். மூன்று வரிசைக்குக் கேட்கும்படி நியாயம் பேசுகிறவர், தொல்லை கொடுப்பவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறார்.

தென்காசியில் பதினைந்தாம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு விசித்திரமான காரியம் செய்தான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரைத் தான் வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தான். பெயர் தெரியாது, குலம் தெரியாது, பிறக்கவே இல்லாதவர்கள். அவர்களுக்கு ஒரு முடிமன்னன் முன்கூட்டியே கும்பிடு போட்டு வைத்தான். சிதைந்து போன ராஜகோபுரம் 1990இல் மறுபடி எழுந்தது. அவன் வணங்கிய அந்நியர்கள் வந்து விட்டார்கள்.

முகம் தெரியாதவருக்கு மரியாதை செய்ய அவனுக்கு ஒரு கோயிலும் கல்லும் வேண்டியிருந்தன. நமக்கு அவ்வளவு செலவில்லை. முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக் கொண்டால் போதும்.