பத்து ரூபாய் செய்த பாவம்

பெட்டிக்கடைக்காரர் 10 ரூபாய் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "செல்லாதுங்க, நோட்டா குடுங்க."

யார் சொன்னது? ரிசர்வ் வங்கி சொல்லவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே அறிவித்தாயிற்று. ரூபாய்க் குறியீடு இல்லாததால் போலியாம்! அந்தக் குறியீடே 2010-இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த காசில் எங்கிருந்து இருக்கும்?

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. கடைக்காரரே அந்த நாணயத்தைப் போலி என்று நம்பவில்லை. அடுத்த ஆள் வாங்கமாட்டார் என்றுதான் மறுக்கிறார். அந்த அடுத்த ஆளைக் கேட்டால், அவரும் இதையேதான் சொல்கிறார். அழுக்கேறி நைந்த நோட்டுக்கோ கல்லாவில் தனி மரியாதை.

விளக்கம் கேட்க 14440 என்ற இலவச எண்ணைக்கூட ரிசர்வ் வங்கி அறிவித்தது. பின்னால் நாலு பேர் சில்லறையோடு நிற்கும்போது யார் அழைப்பது?