செவி என்னும் அபயதானம்



தானம் நான்கு என்பது நம் குழந்தைகளும் அறிந்த பாடம். ஆகாரதானம், ஔடததானம், சாஸ்திரதானம், அபயதானம் என்பன அவை. முதல் மூன்றையும் நம் குடும்பங்கள் இயன்ற அளவு செய்தே வருகின்றன. நான்காவதைப் பற்றிப் பேசும்போது மட்டும், வெட்டுக்குச் செல்லும் ஆட்டை மீட்பது, கூண்டுப் பறவையை விடுவிப்பது என்ற அளவில் நின்றுவிடுகிறோம். நம் வீட்டுக் கூடத்தில் அஞ்சி அமர்ந்திருக்கும் உயிர் நம் கண்ணில் படுவதில்லை. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் நாள்தோறும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் சிறுவனும், உறவினர் திருமணம் என்றாலே வர மறுக்கும் பெண்ணும் எதற்கு அஞ்சுகின்றனர் என்று நாம் கேட்டதுண்டா? அவர்களைப் பற்றிய சில எண்ணங்களை இவ்விதழில் பகிர விரும்புகிறோம்.

ஜினசேனாசாரியர் கி.பி. 783இல் நிறைவு செய்த அரிவம்ச புராணத்தில் நந்திசேனர் என்பவரின் வரலாறு வருகிறது. (மகாபுராணம் செய்த ஜினசேனர் வேறு, இவர் வேறு.) மகத நாட்டில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பிறர் கையை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளை நந்திசேனன். உருவம் அழகற்றது. மாமன் மகளிர் அவன் தோற்றத்தை இகழ்ந்து வெறுத்து ஒதுக்கினர். இகழ்ச்சி பொறுக்காமல், உயிரை விட்டுவிடுவது என்று துணிந்து மலையேறினான். அங்கே இருந்த முனிவர்கள் அவனைக் கண்டு தடுத்தனர்.

அம்முனிவர்கள் என்ன உபதேசம் செய்தனர் என்பதைக் காட்டிலும், அவர்கள் அந்த இடத்தில் இருந்தனர் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவர்கள் மாமனுக்கு உறவினர் அல்லர். இகழ்ந்த மகளிருக்கு வேண்டியவரும் அல்லர். கேட்ட சொல்லை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் தேவை அவர்களுக்கு இல்லை. அத்தகைய செவி கிடைத்ததால் அவன் பிழைத்தான்.

பின்னர்த் துறவு பூண்ட நந்திசேனர், நோயுற்ற முனிவர்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியத்தில் ஒப்பற்றவராய் விளங்கினார். வானவன் ஒருவன் வந்து சோதித்தும் அவர் மனம் கோணவில்லை. கேட்கக் கேட்க மகிழ்ச்சி தரும் வரலாறு இது. ஆனால் முடிவுதான் நெஞ்சை வருத்துகிறது. இத்தனை தவமும் செய்தவர், உடலை விடும் காலத்தில், மறுபிறவியில் எல்லோரும் விரும்பும் பேரழகு வேண்டும் என்று நிதானம் செய்துகொண்டார். அவ்வாறே வசுதேவராகப் பிறந்தார். நேமிநாத சுவாமிக்குச் சிறிய தந்தையும் கண்ணனுக்குத் தந்தையும் ஆன அந்த வசுதேவரே அவர்.

மாயை, மித்தை, நிதானம் ஆகிய மூன்றையும் சல்லியம் என்று நம் நூல்கள் வழங்கும். சல்லியம் என்றால் உடலுக்குள் தைத்து ஒடிந்துபோன முள். நீண்ட தவத்தாலும் அந்த முள் வெளிவரவில்லை என்றால், இளமையில் கேட்ட இகழ்ச்சி எவ்வளவு ஆழத்தில் தைத்திருக்க வேண்டும்! ‘விளையாட்டுக்குச் சொன்னோம், இதற்குப் போய் அழுகிறாயே’ என்று நாம் கூறும்போது இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உடலின் வடிவம் நாமகர்மத்தால் அமைவது. சமசதுரம் முதலாக, கூனாகிய குப்ஜம், குறளாகிய வாமனம், எவ்வகையிலும் ஒழுங்கு அமையாத ஹுண்டம் வரை ஆறு சம்ஸ்தானங்கள் சொல்லப்படுகின்றன. இந்த ஆறின் உதயமும் பதின்மூன்றாம் குணஸ்தானமாகிய சயோக கேவலி நிலை வரையிலும் உண்டு என்பது கோம்மடசாரத்துக் கர்மகாண்டம் காட்டும் கணக்கு. அதாவது, கூன் விழுந்த உடலிலும் கேவல ஞானம் தோன்றத் தடை இல்லை. ஞானத்திற்குத் தடையாகாத உடல், நம் வீட்டுத் திருமணப் பந்தலில் நிற்பதற்கு மட்டும் எவ்வாறு தடையாயிற்று? மதங்கள் எட்டனுள் உடலழகால் வரும் செருக்கும் ஒன்று என்று அருங்கலச்செப்பு கற்ற வீடுகளிலேயே, ‘பெண் லட்சணந்தான், நிறந்தான் மட்டு’ என்ற பேச்சு இன்றும் கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துன்பப்படும் பிள்ளையிடம், ‘எல்லாம் உன் பழவினை, பொறுத்துக்கொள்’ என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. காய்ச்சலும் அசாதா வேதனீயத்தின் உதயமே. அதற்காக மருந்து கொடாமல் இருக்கிறோமா? ஔடததானம் என்ற அறமே வினைப்பயன் என்று கைகட்டி நில்லாமைக்குச் சான்று. மேலும், பிறர்க்குத் துக்கமும் சோகமும் விளைவிப்பவர் தமக்கே அசாதா வேதனீயத்தைக் கட்டிக்கொள்கிறார் என்றுதான் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. அந்த வினைக் கணக்கு இகழ்ந்தவருடையது. இகழப்பட்ட பிள்ளையிடம் அதை நீட்டுவது முறையன்று.

நம் சமூகம் சிறியது. வந்தவாசிப் பக்கத்தில் ஒருவர் தும்மினால் காஞ்சிபுரத்தில் நலம் விசாரிப்பர் என்று நாமே நகையாகச் சொல்வதுண்டு. ஆபத்து வேளையில் இந்த நெருக்கம் பெரிய பேறு. ஆனால் மனத்துள் முள் தைத்த ஒரு பெண்ணுக்கு இதுவே சுவராகிவிடுகிறது. அத்தையிடம் சொன்னால் பெரியம்மாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் வரன் பேச வருவோருக்கும் தெரியும். ஆதலின் அவள் யாரிடமும் சொல்வதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், இரவில் உண்ணாமைக்காகவும் கிழங்கு விலக்குவதற்காகவும் கேலிக்கு ஆளாகி, ‘வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவர்’ என்று அஞ்சி மறைப்பதையும் கேள்விப்படுகிறோம். இக்காலத்தில் கைப்பேசி வழியாகக் கேலி படுக்கையறைக்குள்ளும் வந்துவிடுகிறது.

நாம் பிறரைக் குறை கூறுவதற்கு முன் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியைப் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவிக்குப் புறங்கையிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள். தொற்றாத குறை அது. ஆயினும் அவள் குடித்த குவளையைத் தொட மாட்டார்கள். அவளுக்குச் ‘சுண்ணாம்பு’ என்று பெயரும் வைத்திருந்தனர். ஒருநாள் மாலை, நாம் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தாவணித் தலைப்பால் கையை மூடியபடி அருகில் வந்து நின்று, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவள் சொன்னதை நாம் மறுநாள் ஆசிரியர் அறையில், இரக்கத்தோடுதான், எடுத்துரைத்தோம். அதைக் கேட்ட ஆசிரியை ஒருவர், அவரும் இரக்கத்தோடுதான், வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி, ‘இனி இவளை எவரும் சுண்ணாம்பு என்று கூப்பிடக் கூடாது’ என்று கண்டித்தார். அதுவரை பத்துப் பேர் அறிந்திருந்த பெயரைப் பள்ளி முழுவதும் அறிந்தது.

அந்தப் பெண் நம்மிடம் கோபம் கொள்ளவில்லை. கணக்கில் ஐயம் கேட்டாள். கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னாள். வேறெதையும் அதன்பின் சொன்னதில்லை. ஆசிரியர் பயிற்சியில் நமக்குக் குழந்தை உளவியல் கற்பித்தார்கள். பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தார்கள். கரும்பலகையில் கோணாமல் எழுதவும் கற்பித்தார்கள். ஒரு குழந்தை நம்பிச் சொன்ன சொல்லை வைத்துக் காப்பது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை.

அதைக் கற்பிக்கும் நூல் நம்மிடமே இருந்தது என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகே அறிந்தோம். சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, ஆசாரியருக்கு வேண்டிய குணங்களைச் சொல்லுமிடத்து ‘அபரிஸ்ராவி’ என்ற ஒன்றைச் சொல்கிறது. கசியவிடாதவர் என்பது பொருள். காய்ச்சிய இரும்பு உண்ட நீர் மீண்டும் வெளிவராததுபோல, சீடன் சொன்னது ஆசாரியரை விட்டு வெளியே செல்லலாகாது. வெளியிட்டவர் அந்தச் சாதுவைக் கைவிட்டவராகிறார். தம்மையும் சங்கத்தையுங்கூடக் கைவிட்டவராகிறார் என்ற அளவுக்கு அந்நூல் கடிந்து பேசுகிறது. அவ்வாறு குருவிடம் சென்று சொல்வதற்கு நம் ஆகம வழக்கில் பெயர் ஆலோசனை. இன்று ஆலோசனை என்றால் பிறர் நமக்குச் சொல்வது என்று ஆகிவிட்டது. பழைய பொருளில் அது நாம் சொல்வது, அவர் கேட்பது. ஆரவாரத்துக்கிடையே சொல்வது ஆலோசனையின் பத்துக் குற்றங்களுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டது. முனிவர் சொல்வது தம் குற்றத்தை; கேலிக்கு ஆளான பிள்ளையிடமோ குற்றம் ஏதும் இல்லை. குற்றத்துக்கே இத்தனை காவல் என்றால் குற்றமற்ற கண்ணீருக்கு எவ்வளவு காவல் வேண்டும்?

இல்லறத்தார்க்கும் இது விதிக்கப்பட்டதே. பிறர் மறைவாகச் சொன்னதை வெளிப்படுத்துதல் சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் விரதம் மாசுபடுகிறது.

இங்கே ஒரு தடுமாற்றத்தை நீக்க வேண்டும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூஹனம் என்பதைக் காட்டி, ‘நம் குடும்பத்துப் பையன்தானே, விஷயத்தை மூடிவிடுங்கள்’ என்று கொடுமை செய்தவனை மறைப்போர் உள்ளனர். உபகூஹனத்துக்கு நம் நூல்கள் காட்டும் ஜினேந்திர பக்தர், திருடனைக் காவலரிடமிருந்து காத்தது உண்மை. ஆனால் தனியே அழைத்துக் கண்டித்து அனுப்பிவிட்டார்; திருட்டைத் தொடரவிடவில்லை. கொடுமையைத் தொடரவிடும் மறைப்பு உபகூஹனம் ஆகாது. காக்க வேண்டியது துன்புற்றவரின் மறைபொருளையே.

ஆதலின் ஒரு பிள்ளை நம்மிடம் வந்து பேசத் தொடங்கினால், கையிலுள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்போம். ‘நீயும் கொஞ்சம் இளைக்கலாமே’ என்று இடையில் புகுந்து கூற வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று முன்பின் பாராமல் சத்தியம் செய்யவும் வேண்டாம். ‘உன்னைக் கேளாமல் சொல்லமாட்டோம். உன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு வரும் என்றால் மட்டும் உதவி தேடுவோம். அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வோம்’ என்று கூறுவதே உண்மையான வாக்கு. வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் அன்றிரவு அதைத் தனியே விடலாகாது. எவரேனும் தகாத முறையில் தீண்டியதாகச் சொன்னால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும்; அங்கே மௌனம் விரதமாகாது.

நம்மிடம் சொல்லக் கூசும் பிள்ளைக்கு, நந்திசேனனுக்கு மலைமேல் கிடைத்ததுபோல, உறவல்லாத செவி வேண்டும். அயலாரிடம் போய்ச் சொல்வதா என்று இழிவாக எண்ண வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் இரவும் பகலும் உண்டு. தமிழகப் பள்ளிக்கல்வித் துறைக்கு 14417 உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவியை 14416இல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கல்லூரிப் பகடிவதைக்கு, சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்த துயரத்தின் பின், தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522. மனநல மருத்துவரிடம் சென்றால், நோயாளர் கூறியதை மறைவாகக் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவால் அவர்க்குக் கடமை. காய்ச்சிய இரும்பின் குணத்தைச் சட்டமும் கேட்கிறது என்று எண்ணி மகிழ்ந்தோம்.

சென்ற ஆண்டு தசலட்சண நாள்களில் இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, ஜினாலயத்து வெளிச்சுவரில், கைகால் கழுவும் குழாயருகே ஒட்டினோம். அலுவலக அறைக்குள் ஒட்டினால் போதுமே என்றார் பெரியவர் ஒருவர். அங்கே பிள்ளைகள் தனியாக நிற்க முடியாது என்று சொல்லி, குழாயருகிலேயே விட்டுவைத்தோம். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, தாளின் கீழ்ப்பகுதியில் ஓர் எண் இருந்த இடம் மட்டும் கிழிந்திருந்தது. யார் கிழித்தது என்று நாம் விசாரிக்கவில்லை. வேறொரு தாள் எழுதி, அதே இடத்தில் ஒட்டிவிட்டு வந்தோம்.