அடைத்து வைத்த உயிர்

பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் கொடாமல் வெளியிலும் விடாமல் சாகவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் உண்டு. ‘வெளியிலும் விடாமல்’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. எங்கள் வீட்டுத் தங்கமீன் வயிறு வீங்கிச் செதில் விரிந்து கிடக்கிறது. குளத்து மீன் கெட்ட நீரைவிட்டு விலகிப் போகும். தொட்டி மீனுக்குப் போக்கிடமில்லை, தன் கழிவின் அமோனியாவிலேயே கிடக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுநீர் சற்றுக் காரமானது. அதில் அந்த நஞ்சு இன்னும் கூடும். ஆகவே மருந்துக்கு முன்னம் தினமும் கால்பங்கு நீரை மாற்றுகிறேன்.

“குருநகரில் துடிக்கிற மீனை விலைபேசுகிறீர்களே வாப்பா?” என்றாள் மகள். நியாயமான கேள்வி. அது உணவு, அனுமதிக்கப்பட்டது. இதை அடைத்தது என் கண்ணுக்கு அழகுக்காக. கடன் அதனால் கூடுகிறது.

செதில் விரிந்தபின் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கிராம்பெண்ணெய் கலந்த நீரில் மயக்கத்திலேயே உயிர் பிரியுமாம். நீடிக்கும் வேதனையைவிட அதுவே மேலென எண்ணுகிறேன், ஆலிம்களிடம் கேட்கவேண்டும். அதுவரை வாளியில் தண்ணீர் இருக்கிறது.