விற்பவன் மௌனம்

பொய் சொல்லுதல் குற்றம் என்பதில் மாந்தரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், சொல்லாமல் இருத்தல் குற்றமா? கேட்ட வினாவுக்கெல்லாம் மெய்யே விடையாகக் கூறி, கேளாத ஒன்றை மட்டும் நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்ட ஒருவனை நேர்மையாளன் எனலாமா? ஏட்டில் எளிதாகத் தோன்றும் இவ்வினா, பழைய பொருள் கைமாறும் இடத்தில் கூர்மை பெறுகின்றது. அதற்குப் பழைய வண்டியைவிடத் தக்க சான்று வேறில்லை.

அமெரிக்க நாட்டின் ஜீப் வேகனியரை எடுத்துக்கொள்ளலாம். 1963ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த அது, பெரிதும் உருவம் மாறாமல் 1991 வரை செய்யப்பட்டது. நான்கு சக்கரங்களையும் உந்தும் ஆற்றலோடு குடும்பத்தார் அமர்ந்து செல்லும் வசதியையும் சேர்த்துத் தந்த முன்னோடி வண்டிகளுள் அதுவும் ஒன்று. 1984 முதல் அது கிராண்ட் வேகனியர் எனப் பெயர் பெற்றது. இன்று அதைத் தேடி வாங்குவோர் வண்டியை மட்டும் வாங்குவதில்லை. கழிந்துபோன ஒரு காலத்தையும் சேர்த்தே வாங்குகின்றனர். அந்த ஆசையே அவர்தம் கண்ணை மறைக்கவும் செய்கின்றது.

இரும்புக்குப் பகை துரு. அந்நாட்டின் பேரேரிகளைச் சார்ந்த மாநிலங்களில், குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்குவதற்கு உப்பைத் தூவுவர். அவ்வுப்புநீர் வண்டியின் அடியில் படிந்து, தளத் தகட்டையும் அடிச்சட்டத்தையும் ஆண்டுக்கணக்கில் அரித்துத் தின்னும். ஓட்டை விழுந்த தகட்டின்மேல் பட்டி பூசித் தேய்த்துச் சாயமும் அடித்துவிட்டால், பார்ப்பவர்க்கு அது புதியதே. காந்தத் துண்டை வைத்துப் பார்த்தாலன்றி அவ்வேறுபாடு தெரியாது. இரும்பில் ஒட்டும் காந்தம், பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது நழுவும். அடிச்சட்டமோ, கீழே படுத்துப் பார்ப்பவர்க்கே தன் நிலையைக் காட்டும்.

ஒருவர் அத்தகைய வண்டியைப் பார்க்க வருகின்றார். “எஞ்சின் எப்படி?” என்று கேட்கின்றார். நல்ல நிலையில் உள்ளது என்கின்றான் விற்பவன்; அது மெய். அரித்துப்போன அடிச்சட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. பணம் கைமாறுகின்றது. மறுநாள் அவ்வண்டியின் பின்னிருக்கையில் அவருடைய குழந்தைகள் அமர்கின்றனர்.

இவ்வழக்கு இன்று தோன்றியதன்று. கடமைகளைப் பற்றி உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய நூலின் மூன்றாம் பகுதி இதனை ஆராய்கின்றது. குறைகள் மலிந்த வீட்டை ஒருவன் விற்கின்றான். அக்குறைகளை அவன் ஒருவனே அறிவான். ஸ்டோயிக் அறிஞர் டயோஜீனஸ் அவன் சார்பில் வாதிடுவதாகச் சிசரோ காட்டுகின்றார்: அவன் எவரையும் வற்புறுத்தவில்லை; தன் பொருளின் குறையைத் தானே பறைசாற்றும் விற்பனையாளன் எங்குமில்லை. அவருடைய மாணவர் அந்திபேட்டரோ இதனை மறுக்கின்றார்: வழி தவறியவனுக்கு வழி காட்டாமையினும் இது கொடிது, ஏனெனில், இது அறிந்தே ஒருவனைத் தவற்றுக்குள் நடத்திச் செல்வது. சிசரோ மாணவர் பக்கமே நிற்கின்றார். எல்லா மௌனமும் மறைத்தல் ஆகாது. தன் ஆதாயத்தின் பொருட்டு, அறிந்தால் நன்மை பெறக்கூடியவர் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்புவதே மறைத்தல் என்பது அவர் கண்ட தெளிவு.

இத்தெளிவுக்கு வேகனியரே விளக்கமாக நிற்கின்றது. அதன் பக்கங்களில் மரப்பலகை போலத் தோன்றுவது மரமன்று. மரக்கோடுகள் அச்சிட்ட வினைல் தாள். அதை மரமென்று நம்பி வாங்குவார் எவருமில்லை. விற்பவனும் அறிவான், வாங்குபவரும் அறிவார். ஆகவே அது ஒப்பனை. அதன் அருகிலேயே சாயத்தின் அடியில் கிடக்கும் பட்டியோ ஒருவன் மட்டும் அறிந்தது. ஆகவே அது வஞ்சனை. இரண்டும் போலியே. அறிவு இருவர்க்கும் பொதுவாக உள்ளதா, ஒருவனிடமே ஒளிந்துள்ளதா என்பதில்தான் அறம் பிறழ்வதும் பிறழாமையும் உள்ளன.

சட்டம் இதில் ஓரளவே துணை செய்யும். ஓடிய மைல்களைக் காட்டும் கருவியைத் திருத்துவதை அமெரிக்கச் சட்டம் 1972இல் தடை செய்தது. ஆயினும், மிகப் பழைய வண்டியை விற்பவர் மைல் கணக்கை எழுதித் தர வேண்டியதில்லை. அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 மைலைக் கடந்ததும் அவை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 40,000 என்பது 140,000 ஆகவும் இருக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை. அதைச் சுட்டிக்காட்டி வாய்மூடி நிற்பவனைப் பற்றி அவ்வாறு கூறலாமா? பழைய வண்டி வணிகர்கள் உத்தரவாதம் உண்டா, இல்லையா என்பதை வண்டியிலேயே அறிவிக்க வேண்டும் என்னும் விதி 1985இல் நடைமுறைக்கு வந்தது. தம் வண்டியைத் தாமே விற்கும் தனியாரை அது கட்டுப்படுத்தாது. ‘உள்ளது உள்ளபடி’ என்று கூறி விற்பவன் பழுதுச் செலவிலிருந்து தப்பலாம். ஆனால், உள்ளதை மறைத்துவிட்டு உள்ளபடி விற்றதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இம்மௌனத்தின் கேடு இருவரோடு நிற்பதுமில்லை. பிற்காலத்தில், 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்ற பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப், 1970இல் எழுதிய கட்டுரையில் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டினார். நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாத மக்கள், எல்லாவற்றுக்கும் இடைத்தர விலையே தருவர். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் உரிமையாளர் மனம் கொள்ளார். முடிவில் சந்தையில் தீயனவே மிகும். ஒருவன் மறைத்த துரு, முகமறியாத நேர்மையாளர் ஒருவரின் விலையையும் அரிக்கின்றது.

கடமை விற்பவனுக்கு மட்டுமா? தந்தையார் விட்டுச்சென்ற வண்டியின் மதிப்பை அறியாத பிள்ளைகள், அதனைப் பழைய இரும்பு விலைக்குத் தர முன்வரும்போது, மதிப்பறிந்து வந்தவர் என்ன செய்ய வேண்டும்? பல ஆண்டு முயன்று பெற்ற அறிவுக்கு ஊதியம் வேண்டாவோ எனலாம். வேண்டும், ஆனால் அது பிறர் அறியாமையை முழுதும் உண்பதாக இருத்தலாகாது. ஸ்கேவோலா என்பவர் தாம் வாங்கிய நிலத்துக்கு விற்பவர் கூறிய விலை குறைவு எனக் கண்டு, தாமாகவே 100,000 செஸ்டர்ஸ் கூட்டிக் கொடுத்ததாகச் சிசரோ குறிக்கின்றார். அதனை நல்லவர் செயல் என ஒப்பிய மக்கள், அறிவுடையார் செயல் என ஒப்பவில்லையாம். நன்மையையும் அறிவையும் இவ்வாறு இரண்டாகப் பிரித்ததே உலகின் கேடு என்கின்றார் அவர்.

பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பதை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். கண்டார் எவர்க்கும் புலப்படும் கீறலை எடுத்துக் கூற வேண்டியதில்லை. தான் ஒருவனே அறிந்ததும், பிறர் உயிரோ பொருளோ அதனைச் சார்ந்து நிற்பதும் எதுவோ, அதைக் கேளாமலே சொல்ல வேண்டும். சொன்னால் விலை குறையும்; வாங்க வந்தவர் திரும்பியும் போகலாம். அந்த இழப்பை ஏற்கத் துணிந்தவனே நேர்மையாளன். துருப்பிடித்த அடிச்சட்டத்தைத் தன் குழந்தைகள் அமரும் வண்டியில் பொறுத்துக்கொள்ளாதவன், பிறர் குழந்தைகள் அமரும் வண்டியில் அதைப் பொறுத்துக்கொள்ள என்ன உரிமை உடையவன்?