ஃப்ரீ என்றால் யாருமில்லை என்றா அர்த்தம்?

'ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?' என்றால் வேலை இல்லையே என்று அர்த்தம். 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ' என்றால் காசு இல்லை. 'சுகர் ஃப்ரீ' என்றால் சர்க்கரை இல்லை. 'எல்லார்கிட்டயும் ஃப்ரீயா பழகுவான்' என்றால் தயக்கம் இல்லை. நாம் புழங்கும் 'ஃப்ரீ' ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு 'இல்லை' ஒளிந்திருக்கிறது.

சொல்லின் வேரைத் தோண்டினால் கதை வேறு. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் அந்த வேர்ச்சொல்லுக்கு 'அன்புக்குரிய' என்று பொருள். சமஸ்கிருத 'ப்ரிய'வும் அதே வேர்தான். ஆக, நாம் தினமும் சொல்கிற 'பிரியம்' இந்த ஃப்ரீக்குத் தூரத்துச் சொந்தம். 'ஃப்ரெண்ட்' இன்னும் நெருங்கிய சொந்தம். 'நேசிக்கிறவர்' என்பதே அதன் பழைய பொருள்.

பிரியம் எப்படி விடுதலை ஆச்சு? மொழியறிஞர்கள் சொல்லும் விளக்கம் இது. அன்றைய வீட்டில் இரண்டு வகை மனிதர்கள். ஒன்று சொந்தபந்தம், இன்னொன்று அடிமை. பிரியத்துக்கு உரியவர் யாரோ அவரே அடிமை அல்லாதவர். லத்தீனிலும் 'லிபெரி' என்ற சொல் சுதந்திரமானவர்களையும் குறித்தது, வீட்டுப் பிள்ளைகளையும் குறித்தது.

இதைக் கேட்டு உருகிவிட வேண்டாம். ஒருவர் பிரியமானவராக இருக்க, அதே கூரையின் கீழ் இன்னொருவர் அடிமையாக இருந்தார். பிரியம் காட்டிய வீடே சிறையாகிப்போன பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு 'யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை' என்பது பெரிய விஷயம். அந்த 'இல்லை'யை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அது மட்டும் போதுமா?

என் தொழிலிலும் ஒரு 'ஃப்ரீ' உண்டு. சி மொழியில் பயன்படுத்தி முடித்த மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளை. கொடுத்த பிறகு அந்த இடம் யாருடையதும் இல்லை. எந்தத் தரவு வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மெமரிக்கு இது சரி. மனிதர்கள் அப்படி இல்லை.

1865இல் அமெரிக்காவில் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலையானவர்களில் பலர் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன அம்மாவை, பிள்ளையை, கணவனைத் தேடி. பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், யார் வாங்கிப் போனார்கள் என்ற விவரங்களுடன். பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன.

அவர்களுக்குச் சொற்பிறப்பியலை யாரும் கற்றுத்தரவில்லை. எஜமான் இல்லை என்று ஆனதும், அந்தச் சுதந்திரத்தை வைத்து அவர்கள் முதலில் செய்யத் துணிந்த காரியங்களில் ஒன்று, பிரியமானவர்களைத் தேடியது.

இஎம்ஐ இல்லை, மேனேஜர் இல்லை, சொந்தக்காரர் தொல்லை இல்லை. என் வயதுக்காரர்கள் சுதந்திரத்தை இப்படித்தான் எண்ணுகிறோம். பட்டியலில் தவறில்லை. அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: இதெல்லாம் இல்லாமல் ஆன பிறகு நான் யாரைத் தேடிப் போவேன்?